தம்பியக் கூட்டியாரப் போனேன்

இங்க எறங்கிடாதீங்க. ஹைவே நடுவுல நிக்கிற ஸ்டேஷன் இது, காத்துல காது மரத்துப் போயிடும். பேசாம உக்காருங்க. இனிமே ட்ரெயின் சுரங்கத்துக்குள்ள போவும். ஸ்பீக்கர்ல க்ளார்க் லேக்குன்னு சொல்லுவான், அங்க எறங்கி, படியேறி மேல போயி பிரவுன் லைன் ட்ரெயின் புடிங்க. எந்த வண்டி வந்தாலும் உங்க பக்கந்தான் போவும்.

நானா? நான் எறங்க வேண்டியது ஜெஃபர்சன் பார்க். ஆமா, தாண்டிடுச்சு. பரவால்ல விடுங்க.

வெளிய வந்ததும் தெச தெரியலன்னா ஏரி எங்கன்னு கேளுங்க. சிகாகோல ஏரி எந்தப் பக்கமோ அதான் கெழக்கு. அப்புறம் இன்னொண்ணு. உங்க ஃப்ரெண்டு கார நிறுத்தச் சொன்னா பாத்து நிறுத்துங்க. பனிய வெட்டி எடுத்த எடத்துல எவனாச்சும் ஒடஞ்ச நாற்காலி போட்டிருப்பான். அத நகத்தக் கூடாது. இடுப்பொடிய வெட்டுனவனுக்குத்தான் அந்த எடம். என் தம்பி லெஷெக், போன குளிருக்கு வந்தப்ப நகத்திட்டான். பாலைவனத்துல கூர வேல பாக்குறவன், ஊரு வழக்கம் மறந்துபோச்சு. விடிஞ்சு பாத்தா கார் மேல தண்ணி ஊத்தி வச்சிருக்கான் எதுத்த வீட்டுக்காரன். கண்ணாடி மாதிரி ஒறஞ்சு கெடக்கு. எங்கம்மா தம்பியையும் அந்தாளையும் நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு.

அவனக் கூட்டியாரத்தான் ஏர்போர்ட் போனேன். எங்க வீட்ல அப்படித்தான், வர்றவங்கள ஒத்தையில விடமாட்டோம். யாராச்சும் போயி பெட்டி வர்ற எடத்துல நின்னு கூட்டியாருவோம். அம்மா காலையிலேர்ந்து பீட்ரூட் சூப்பு வச்சுட்டு ஜன்னலயே பாத்துட்டு ஒக்காந்திருக்கு. நான் தனியா போயி என்னத்த சொல்றது?

இல்ல, ஃப்ளைட் லேட்டுல்லாம் இல்ல. நீங்களும் ஃபீனிக்ஸ்லேர்ந்துதான வர்றீங்க? பெட்டில சீட்டு தொங்குதே. அதே ப்ளேன்தான்.

பக்கத்து சீட்டா? இல்லல்ல. அவன் கீழ, சரக்கு வைக்கிற எடத்துல வந்தான். வேல பாத்துட்டு இருக்கையிலயே நெஞ்சு நின்னுபோச்சாம். பெட்டிய வீட்டாளுங்க கையில குடுக்க மாட்டாங்க. பின்பக்கம் சரக்குக் கொட்டாயில, அடக்கம் பண்றவங்க வண்டிதான் வந்து எடுத்துக்கும். காலையிலயே ஃபோன் பண்ணி சொல்லிட்டாங்க, வராதீங்கன்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போயி நின்னேன், எப்பவும் நிக்கிற எடத்துல. எல்லாரும் பெட்டிய எடுத்துட்டுப் போற வரைக்கும் நின்னேன். அழுக வரல. ஒண்ணுமே வரல.

அம்மாவுக்கா? இன்னிக்கு லெஷெக் வர்றான்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல வாய் வரல.

இந்தா, உங்க ஸ்டேஷன். பெட்டிச் சக்கரம் இடுக்குல மாட்டிக்கும், தூக்கிக்கிட்டு எறங்குங்க. இல்லங்க, நான் எறங்கல. இது கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பும்ல, போயிட்டு வர்றேன்.