கீழ்த் தொட்டியில் வைத்த தகடு

— லைட்ட இன்னும் ஒரு சாண் மேல தூக்குங்க, ஸாகி தம்பி. கண்ணுக்குள்ள நீலமா குத்துது.

— தூக்கினா பவளத்துக்கு வெளிச்சம் பத்தாது, கஜலட்சுமி அக்கா. பொறகு அதுவும் செத்தா முதலாளி இந்த முறையும் என்னத்தான் பிடிப்பாரு.

— அதையே நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு கோவத்துல பேசுனது.

— கோவம் சரி அக்கா. கடவீதியில நின்டு பேசின. “பழைய கழிவு மோட்டரப் பூட்டி என் பவளத்தையெல்லாம் கொன்னுட்டான்” என்டு. அதுக்குப் பொறகு கண்டியில ஒருத்தரும் மீன் டாங்கி வேலைக்கு என்னக் கூப்பிட இல்ல.

— இப்ப நாங்களே கூப்பிட்டோமே.

— கொழும்பு ஆள் குண்டசாலைக்கு வர ஏலாதுன்டு சொன்னதால.

— ஆமா. பொய் சொல்லல. டீ ஊத்தட்டுமா?

— வேல முடியட்டும். இது ஆறடி டாங்கி, லேசில்ல. மேல இருக்கிற உப்புத் தண்ணி குழாயால கீழ்த் தொட்டிக்கு எறங்கும். மொத அறையில ஸ்பாஞ்சு ஊத்தையப் பிடிக்கும், அடுத்ததுல இந்த மெஷின் அழுக்க நொரையாக் கக்கும், கடைசியில மோட்டர் திரும்ப மேல தள்ளும். இந்தப் பவளமும் செத்துப்போனா நான் மச்சான்ட கடையில வெங்காயம் நிறுக்கத்தான் போகணும்.

— சாகாது. அதுக்குத்தான் பழைய டாங்கியக் கழட்டுறப்ப ஞாபகமா இத எடுத்து வெச்சேன். புதுசுல எந்த அறையில வைக்கலாம்?

— அத இங்கால காட்டுங்க அக்கா.

— ஏன் மொகம் அப்படிப் போகுது? எந்திரத் தகடு, கண்ணூறுக்கு. ஐயர் பூச பண்ணிக் கொடுத்தது. அவரு பாத்தா சிரிப்பாருன்னு ஸ்பாஞ்சுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்.

— கோவிச்சிக்க வேணாம் அக்கா. அது என்ன தகடு?

— செம்பு. நல்ல கனம். பாருங்க, ஓரமெல்லாம் பச்ச பூத்து அரிச்சுப்போச்சு.

— அரிச்சது எங்க போன?

— எங்க போகும், தண்ணியிலதான்...

— உப்புத் தண்ணியில செம்பு கரையும். மீனு கொஞ்சம் தாங்கும். பவளமும் றாலும் தாங்காது.

— அப்ப மோட்டர் இல்லையா?

— மோட்டர் இல்ல.

— ஐயோ, அப்ப கொன்னது நானா! அவரு ராச் சோறு தின்னுறப்பெல்லாம் ஒங்களத் திட்டுவாரு. நானும் கூடச் சேந்து, “ஆளப் பாத்தாலே தெரியுது, அரைகுற வேல”ன்னேன் தம்பி. வாய் கூசாம சொன்னேன்.

— விடுங்க அக்கா.

— எப்படி விடுறது? அவரு திட்டுன அதே எடத்துல நின்னு, நாலு பேர் கேக்க, ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

— முதலாளியா? கேட்டுக் கிழிப்பாரு.

— அப்ப நான் வந்து கேக்குறேன். கடவீதிதானே, எனக்கென்ன வழி தெரியாதா?

— வேணாம். அந்தப் பவளம் செத்ததுல எனக்கும் பங்கு ஈக்கி.

— ஒங்களுக்கு என்ன பங்கு?

— ஸ்பாஞ்சு கழுவ வந்த நேரம் நான் தகட்டக் கண்ட. செம்புன்டும் தெரியும். பாத்துட்டு, ஸ்பாஞ்ச அதுக்கு மேலயே திரும்ப வெச்ச.

— அட பாவி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே!

— ஒங்கட சாமி சாமான். முஸ்லிம் ஆள் நான் தொட்டா என்ன சொல்லுவீங்களோன்டு பயம்.

— என்ன பயம்? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா, தம்பி?

— மொத நாள் வேல முடிஞ்சு, குறட விட்டுட்டுப் போய், எடுக்க நான் திரும்பி வந்த, அக்கா. நான் இருந்த எடத்துலயும் நான் பிடிச்ச கதவுலயும் நீங்க மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கிட்டு நின்டீங்க.