வாஷ்பேசின்ல ரெண்டு சிவப்புச் சொட்டு

இலை போட்டாச்சுன்னு பின்னாடி கை காட்டுறாங்க... தெரியுதுய்யா. ஒரு சின்னக் கதை, அதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுறேன். மணமக்கள் ரெண்டு பேரும் இப்படித் திரும்புங்க.

கோவில்பட்டியில கோமதிநாயகம்னு ஒருத்தர், காலேஜ்ல தமிழ் வாத்தியார். சம்சாரம் பேரு வடிவு. மூணு வயசுல ஒரு பொண்ணு, தென்றல். மனுசனுக்கு மைப்பேனான்னா கிறுக்கு. ஒரு தடவை புது மெத்தை விரிப்புல ஒரு பாட்டில் மையைக் கொட்டிட்டாரு. "இனிமே இந்த வீட்டுக்குள்ள மை பாட்டில் வந்துச்சு... நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்!"னு வடிவு சொல்லிட்டாங்க.

விட்டாரா? மதுரைக்குப் போன இடத்துல, ஒரு கடையில மெரூன் கலர் மை! கை சும்மா இருக்குமா? வாங்கிட்டு வந்து பீரோவுல வேட்டிக்கு நடுவுல ஒளிச்சு வச்சாரு. விடியக்காலம் எந்திரிச்சு எழுதிப் பார்ப்பாரு. அந்தச் சிவப்பு காயக் காயக் கறுக்குறதைப் பார்க்க அவ்வளவு ஆசை. அப்புறம் வாஷ்பேசின்ல நிப்பைக் கழுவி, கைக்குட்டையில துடைச்சு... ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து படுத்துக்குவாரு.

ஒருநாள் வடிவு பார்க்குறாங்க... வாஷ்பேசின்ல சிவப்பா ரெண்டு சொட்டு. அழுக்குத் துணியில கைக்குட்டை... அதுலயும் சிவப்பு. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? வடிவோட அப்பா காசநோய்ல போனவர்ம்மா. கைக்குட்டையை ஒளிச்சு ஒளிச்சு வச்சே போனவர். அதுக்கேத்தாப்ல இவருக்கு அப்போ இருமல் வேற!

கேட்டாங்களா? கேக்கல! கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிருவாரோன்னு பயம். அவர் டம்ளரைத் தனியா வச்சாங்க. தட்டைத் தனியா வச்சாங்க. பிள்ளை காதுல, "அப்பாகிட்ட போகாத"ன்னு சொன்னாங்க.

இவரு பார்க்குறாரு. டம்ளர் தனி... தட்டு தனி... போன்ல அண்ணன்கிட்ட குசுகுசுன்னு பேச்சு, இவர் தலையைக் கண்டா பேச்சு நிக்குது! 'ஓகோ... நம்மளைப் பிடிக்கல, கிளம்பப் போறா.' அவராவது கேட்டாரா? அவரும் கேக்கல! ஒரே அடுப்புல பொங்கித் தின்னுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் வேவு பாக்குறாங்கய்யா!

கடைசியில அண்ணன் வந்து நின்னாரு. "மாப்ள, கிளம்புங்க. டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. எத்தனை நாளா ரத்தம் வருது?"

"ரத்தமா? எந்த ரத்தம்?"

வடிவு வெடிச்சு அழுதாங்க. "நடிக்காதீங்க! எங்கப்பாவும் இப்படித்தான் நடிச்சாரு!" கைக்குட்டையைத் தூக்கி எறிஞ்சாங்க.

அவர் பீரோவைத் திறந்தாரு. பாட்டிலை எடுத்தாரு. "மை, வடிவு... வெறும் மை."

நம்பினாங்களா? "என்னை ஏமாத்த வாங்கி வச்சிருக்கீங்க!"ன்னாங்க. அவங்களை வாஷ்பேசினுக்குக் கூட்டிட்டுப் போயி, கண்ணு முன்னாடியே நிப்பைக் கழுவிக் காட்டினாரு. அதே சிவப்பு. வடிவு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

அண்ணன் சிரிச்சாரு. நீங்களும் சிரிக்கிறீங்க... இருங்க. கோமதிநாயகமும் சிரிச்சுக்கிட்டே, கதவோரம் நின்ன பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாரு. "வாடா தென்றல்..."

பிள்ளை பின்னாடி போச்சு. அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பாகிட்ட போகக்கூடாது"ன்னுச்சு.

சிரிப்பு நின்னுபோச்சு. பழையபடி அது அவர் மடியில ஏற... ஒரு மழைக்காலமே போயிருச்சும்மா.

வடிவு கெட்டவங்களா? இல்ல, பயந்தவங்க. அவர் கெட்டவரா? ஒரு சின்ன விசயத்தை மறைச்சாரு, அவ்வளவுதான். ரெண்டு நல்லவங்க சேர்ந்து, பெத்த பிள்ளைக்கு அப்பனைக் கண்டு பயப்படக் கத்துக் கொடுத்துட்டாங்க!

தங்கச்சி அபிராமி... சந்தேகம் வந்தா அன்னிக்கே மூஞ்சியைப் பார்த்துக் கேளும்மா. தம்பி இளவழுதி... அவ கேக்குற வரைக்கும் காத்திருக்காத, நீயே சொல்லிரு. சண்டை வருமா? வரட்டும்! பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வந்து விலக்கி விடுற மாதிரி சத்தமாச் சண்டை போடுங்க. வாயை மூடிக்கிட்டு வேவு மட்டும் பாக்காதீங்க... நல்லா இருங்க!