இன்னும் வாய் வரவில்லை

சாயங்காலம், அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ். முன் சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "அதுங்களுக்கு இன்னும் வாய் வரல. இப்ப எண்ணெய் ஊத்தினா வீணாயிடும். நான் வந்து ஊத்தறேன்."

பக்கத்தில் மீன் விற்று முடித்து, காலி அன்னக்கூடையோடு இருந்த அம்மா திரும்பினார். "யாருக்கும்மா வாய் வரல?"

"உப்புத்தண்ணிப் பூச்சிக்கு. டப்பாவுல பொடி மாதிரி இருந்த முட்டை, காலையிலதான் பொரிஞ்சுது. பொரிஞ்சதும் வாய் இருக்காது, சாயங்காலந்தான் வரும். எங்க பண்ணையில கொடுவா மீன் குஞ்சுக்கு அதான் சாப்பாடு. நீந்தறதத்தான் அது தின்னும்."

"எண்ணெய் இன்னாத்துக்கு?"

"மீன் எண்ணெய். பூச்சி அதைக் குடிச்சாத்தான் குஞ்சுக்கு சத்து போய்ச் சேரும். இல்லன்னா குஞ்சு வலையில தூக்கினதுமே மயங்கிச் செத்துடும்."

"சாப்பாட்டுக்கே சாப்பாடா!"

"குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். தின்ன பூச்சியெல்லாம் வயித்துல ஆரஞ்சாத் தெரியும்."

அந்த அம்மா காலிக் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா கொடுவா வயித்தக் கீறிக்கினுகீறேன்..."

போனில் அலாரம் அடித்தது. "வாய் வந்திருக்கும்" என்று அந்தப் பெண் எழுந்தாள். ஸ்டாப் இன்னும் வரவில்லை. பஸ் சிக்னலில் நின்றிருந்தது.

"கண்டக்டரு, கதவத் தொற!" என்று கத்தினார் அந்த அம்மா. "புள்ளைங்க பசியோட கீதுங்க!"