அம்மாவின் கையெழுத்து

— துணி மடிக்கிறத நிறுத்தும்மா. இதப் படி.

— என்ன காகிதம்டி? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது.

— நான் படிக்கிறேன், கேளு. சண்டைக் காலத்துல ராணுவ ஆபீசுக்குப் போன புகார், பழைய ஃபைல்லேருந்து இப்பதான் கெடச்சுது. 'என் கணவர் அச்சாபீஸ் கீழறையில் தடை செய்த துண்டுப் பிரசுரங்களை அச்சடிக்கிறார். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார்.' கீழ உன் கையெழுத்து.

— ஆமா. என்னோடதுதான்.

— ஆமாவா? அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்ல? அழுது தீத்து முப்பது வருஷமாச்சு. இப்ப ஒண்ணுமே வர மாட்டேங்குது.

— எதிர்வீட்டு டெய்லர்தான் அப்பாவக் காட்டிக்குடுத்தார்னு ஊரே பேசுச்சு. அவர் சாவுக்குக் கூட நான் போகலம்மா.

— அது என் தப்புதான். அப்புறமா அவர் பொண்டாட்டிகிட்ட போய் உண்மையச் சொன்னேன். மூஞ்சியப் பாக்காம கதவச் சாத்திட்டா.

— நாளைக்கு அச்சாபீஸ் வாசல்ல அப்பா பேர் வெட்டின கல்லத் திறக்கறாங்க. உனக்கு முன்வரிசையில நாற்காலி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து உக்காருவ?

— நான் வரல. முட்டி வலின்னு சொல்லிடு.

— ஏம்மா செஞ்ச? உன்ன அடிச்சாரா? கொடுமைப்படுத்தினாரா?

— சீ, வாய மூடு. என் மேல தூசு விழ விடமாட்டார் அந்த மனுஷன்.

— பின்ன எதுக்கு?

— அன்னிக்குக் காலையில அப்பாகூட அச்சடிச்ச மெஷின்காரரப் புடிச்சுட்டாங்க. அடி தாங்காம பொழுது சாயறதுக்குள்ள அப்பா பேரச் சொல்லிடுவார்னு தெரிஞ்சுபோச்சு. ஓடினா வீட்டுல இருக்கறவங்களத் தூக்குவாங்க. முந்தின வாரம்தான் ரெண்டு வீட்டுல புள்ளைங்களோட லாரியில ஏத்திட்டுப் போனாங்க. யாரும் திரும்பல. வீட்டுக்காரியே புகார் குடுத்தா மட்டும் குடும்பத்த விட்டுருவாங்க. உனக்கு நாலு வயசு. தம்பி வயித்துல.

— எங்களுக்காக அவர பலி குடுத்துட்ட.

— அப்படியே வச்சுக்கோ.

— பெத்த புள்ளைங்கள காப்பாத்தினேன்னு நீ மனசத் தேத்திக்கலாம். ஆனா தன் பொண்டாட்டியே எழுதிக்குடுத்தான்னு தெரியாமலே போய்ச் சேந்தாரே அந்த மனுஷன்!

— தெரியாம என்னடி? மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து வரி வரியா சொன்னதே அவர்தான். கையெழுத்து போட மாட்டேன்னு பேனாவ விட்டெறிஞ்சேன். எடுத்துட்டு வந்து, என் கையப் பிடிச்சு அவரே போட வச்சாரு.