காத்திருப்புப் படி

டீ வேண்டாம் சார். மத்தியானத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். தண்ணீர் போதும். ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், வாக்குமூலக் காகிதம் பறக்கிறது, உங்களுக்கு எழுதச் சிரமம்.

என் பெயர் வேல்ராஜ். சங்கரன்கோவிலில் டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் மேனேஜர். அவர்கள் கட்டடம் எழுப்பிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். நான் கை நீட்டி ஒரு ரூபாய் வாங்கினேன் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நடந்தது உங்களுக்குப் புரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ரத்தம் கிடைக்காவிட்டால், ஆம்புலன்ஸ் டிரைவர் போனை எடுக்காவிட்டால், குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் குடித்துவிட்டு வாசலில் சத்தம் போட்டால், எல்லாவற்றுக்கும் நான்தான். சாப்பிடும்போதும் போன் இலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாம் இங்கே வந்து குவிகிறார்கள். கூப்பிடு தூரத்தில் குடியிருந்த நான் என் மனைவி பிரேமலதாவோடு தேரடி வரைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. பாதி வழியில் போன் வரும். அவளையும் மகளையும் கூட்டத்தில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடுவேன்.

ஒரு வருஷம் அவள், "நான் வாசுதேவநல்லூர்ல எங்க வீட்டுல இருந்துக்கிடுதேன். இங்கன இருந்தாலும் நானும் பிள்ளையும் தனியாத்தான கிடக்கோம்" என்றாள். சண்டை ஒன்றும் இல்லை. நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "இத்தனை வருஷமா ஓடுதீய, இதுக்குன்னு உங்களுக்கு யாரு என்ன தந்தா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் நிம்மதியாகவும் இருந்தேன்.

ரிஸானா எங்களுடைய தியேட்டர் நர்ஸ். கடையநல்லூர்க்காரி. கணவர் சித்தீக் சவூதியில் இருக்கிறார். ஆபரேஷன் தியேட்டருக்குள் அவளைப் போல் கை ஓடுகிறவர்கள் கிடைப்பது கஷ்டம். கூப்பிட்டால் உடனே வரவேண்டும், அதனால் உள்ளூரில்தான் குடியிருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவள் தன் தாயார் ஆமினாளைக் கூட்டிக்கொண்டு வந்து, கோயிலுக்கு அந்தப் பக்கம் இசக்கித்தாய் என்ற அம்மாவின் வீட்டு மாடியில் குடியேறினாள். ஆமினாளுக்கு ஆஸ்துமா. ரிஸானா தன் தாயாரை உம்மா என்பாள். என்னை அண்ணாச்சி என்பாள்.

போன வருஷக் கடைசியில் அவள் டாக்டரம்மாவின் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மேடம், கேஸுக்கு வந்தா வந்த நேரத்துக்குச் சம்பளம் போடுதீங்க. வீட்டுல போனைப் பார்த்துக்கிட்டே இருக்கேனே, அந்த நேரம் யாரு கணக்கு?"

"வீட்டுல சும்மாதானம்மா இருக்கே?" என்று நான் கேட்டேன்.

"சும்மா எங்க அண்ணாச்சி இருக்கேன்? குளிக்கப் போனா பக்கெட் மேல போனை வச்சிட்டுக் குளிக்கேன். கடையநல்லூர்ல என் தங்கச்சி அப்ரீன் பானுவுக்கு நிக்காஹ் நடந்துச்சு. நான் போகல. என் உடம்புதான் வீட்டுல கிடக்கு. நான் இங்கனதான் இருக்கேன்."

டாக்டரம்மா நல்ல மனுஷி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வேல்ராஜ், அவ சொல்றது நியாயம்தான். காத்திருக்கிற நேரமும் நமக்காகக் குடுக்கிற நேரம்தானே. அதுக்கு ஒரு படி போட்டுக் குடுத்துருங்க" என்றார்கள்.

எத்தனை சுலபமாகச் சொன்னார்கள் பாருங்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் சொன்னது நியாயம் என்றால் என்னிடமிருந்து போனது என்ன? அது வேலை இல்லை, சும்மா இருந்த நேரம் என்றால் நான் எதையும் இழக்கவில்லை. வேலைதான் என்றால் என் ஆயுசையே எடுத்துக்கொண்டு விட்டார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். முதலாவதுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

படியை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கூப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் தியேட்டரில் நிற்கவேண்டும், ஒரு தடவை தவறினாலும் அந்த மாதப் படி கிடையாது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்கள். ரிஸானாவும் சரி என்றாள்.

நிபந்தனை என்று ஒன்று இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். கேஸ் இல்லாத நேரத்தில் அவளைக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு தடவை தலையில் சீயக்காய் நுரையோடு முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு தடவை சோற்றுக் கையைக் கழுவாமல், விரலை மடக்கிக்கொண்டே ஓடி வந்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை சார். ஆனால் அவள் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இப்படித்தான் இருக்கும்: வெளியில் எல்லாரும் நடமாட, நான் மட்டும் ஒரு சின்ன அறைக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினாள். "சோதனைக்குக் கூப்பிடுதீய, கூப்பிடுங்க. ஆனா வந்து நின்ன உடனே சோதனைன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. உம்மா தனியா இருப்பா. நான் திரும்பி ஓடிருவேன்."

சரி என்று சொன்னேன். சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆடித்தபசுக்கு முந்தின நாள் லீவு கேட்டு வந்தாள். தாயாருக்கு இழுப்பு அதிகமாக இருக்கிறது, மிஷின் வைத்து மருந்துப் புகை பிடித்தால்தான் மூச்சு விட முடிகிறது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள். திருவிழா நேரத்தில் அவசரக் கேஸ் வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன். லீவு இல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா திருநெல்வேலிக்குப் போயிருந்தார்கள். மாடி வார்டில் நஸ்ரின் பானு என்ற நர்ஸ் மட்டும் பிள்ளை பெற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கீழே நான் தனியாக இருந்தேன். ரதவீதி முழுக்கத் தலைகளாக இருந்தது. போலீஸ் தடுப்பு போட்டு வண்டிகளை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். அது உங்களுக்கே தெரியும், உங்கள் ஆட்கள்தான் போட்டார்கள். அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் வரவேண்டும். இன்று அவளால் முடியாது என்று எனக்குப் பட்டது. முடியவில்லை என்றால் நல்லதுதான். ஒரு மாதப் படி போகும், வேறு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சோதனையே வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

போன் செய்தேன். உடனே எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் என்னை விட்டுருங்க. உம்மாவுக்கு ரொம்ப முடியல. படியை வேணா பிடிச்சுக்கிடுங்க."

அங்கேயே நான் ஜெயித்துவிட்டேன். அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள். போனை வைத்திருக்கலாம்.

"கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து ஒரு பொண்ணைக் கொண்டுட்டு வாராங்கம்மா. தலைப் பிரசவம். ரத்தம் நிக்காமப் போகுதாம். டாக்டரம்மா வழியில வந்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அப்படி ஒரு பெண் இல்லை. ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். காசுக்காக அவள் வரமாட்டாள், ரத்தம் என்றால் வருவாள் என்று எனக்குத் தெரியும்.

"வாரேன்" என்றாள்.

நேரத்துக்குள் வந்துவிட்டாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வீட்டுக்கார அம்மா இசக்கித்தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். தியேட்டருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் வழக்கம்போல் என்னிடம் தந்தாள். உள்ளே போய்க் கை கழுவி, கவுன் போட்டு, கிளவுஸ் மாட்டி, கருவிகளை எடுத்து வைத்துவிட்டு நின்றாள்.

அப்போது சோதனை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கதவுக்குப் பக்கத்தில் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கழுவிவிட்டால் எதையும் தொடக் கூடாது. கதவுக் கைப்பிடியைக்கூடத் தொடமாட்டாள். நான் கதவைப் பூட்டவில்லை சார். அவள் கொடுத்த புகாரில் அடைத்து வைத்தேன் என்று இருக்கிறதாம், அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பூட்ட வேண்டிய தேவை இல்லை.

அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் இப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். போகலாம் என்று என்னிடம் யாரும் வந்து சொன்னதில்லை.

அவளுடைய போனைச் சத்தம் வராமல் ஆக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அது நடுங்கியது. இசக்கித்தாயின் பெயர் வந்தது. அடுத்தவர் போனை எடுப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன். மறுபடியும் நடுங்கியது.

உள்ளேயிருந்து, "அண்ணாச்சி, வண்டி எங்க வருதாம்?" என்று கேட்டாள்.

"கூட்டத்துல மாட்டிக்கிட்டு. இந்தா வந்துரும்."

"வீட்டுல இருந்து போன் வந்துச்சா?"

"இல்லம்மா."

அப்போதும் அது என் பைக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

முதல் நாள் விசாரணையில் உங்கள் ஏட்டையாவிடம் போனை நான் எடுக்கவே இல்லை என்று சொன்னேன். அது பொய். மூன்றாவது தடவை வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். இசக்கித்தாய் அம்மாவுக்கு என் குரல் தெரியும், அதனால் மறைப்பதில் அர்த்தம் இல்லை.

"ஏட்டி ரிஸானா, மிஷினு நின்னுபோச்சு. கரண்டு இல்ல. உங்க உம்மாவுக்குக் கண்ணு சொருகுது. ஓடியா" என்றார்கள்.

"ரிஸானா தியேட்டருக்குள்ள இருக்கா. உசிரு போற கேஸு. இப்ப கூப்பிட முடியாது" என்றேன்.

"ஐயா, அங்கன சிலிண்டர் இருக்கும்லா? யார்கிட்டயாவது ஒண்ணு குடுத்து விடுங்களேன். ஆட்டோ ஒண்ணும் உள்ள வரமாட்டேங்கு."

ஆக்சிஜன் சிலிண்டர் என் முன்னால்தான் இருந்தது. சக்கரம் வைத்தது. தள்ளிக்கொண்டு போகலாம்.

"அது தியேட்டருக்குள்ளது" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு தடவை கண்ணை மூடி உதட்டை அசைத்தாள், துஆ கேட்டிருப்பாள். கேஸுக்காகவா உம்மாவுக்காகவா தெரியவில்லை. கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. வெளியே மேளச் சத்தம், கூட்டத்தின் கூச்சல். அந்தச் சின்ன அறையை விட்டு நான் வெளியே வந்துவிட்டது மாதிரி இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதனால் அதையும் சொல்லுகிறேன்.

போன் நடுங்குவது தானாக நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கதவைத் திறந்தேன்.

"கேஸு கேன்சலாகிட்டும்மா. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்."

அவள் என் முகத்தையும் என் சட்டைப் பையையும் பார்த்தாள். போனைக்கூட வாங்கவில்லை. கவுனோடும் கிளவுஸோடும் அப்படியே ஓடினாள். யாரோ டாக்டர் என்று நினைத்துக் கூட்டம் ஒதுங்கி வழி விட்டதாம். இசக்கித்தாய் அம்மா பிறகு சொன்னார்கள். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது ஆமினாளின் வாயில் தண்ணீர் விட்டு முடித்திருந்தார்கள்.

ஆமினாள் என்னை ஒன்றும் செய்ததில்லை. ஒரு பெருநாளைக்கு எனக்கென்று தனியாக அடுக்குச் சட்டியில் பிரியாணி கொடுத்துவிட்டவர். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார். அவரை நான் கொன்றேன் என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிஸானாவை நான் ஏமாற்றினேன் என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்கிறார்களாம். அது சரியில்லை. அன்று தியேட்டருக்குள் நின்ற நேரத்தை நான் காத்திருப்பாகப் போடவில்லை. வேலை செய்த நேரமாகவே போட்டேன், முழுச் சம்பளத்தோடு. கேஸே வராத நேரத்துக்கு வேறு எந்த மேனேஜர் போடுவான்? கவரில் போட்டு ஒட்டி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்தால் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் சார்.