லோர்பாக் புத்தகத்தில் ஒரு பக்கம்

பூரணி: பொட்டி லேசா இருக்கேன்னு தொறந்து பாத்தேன். தொரயோட தூரக்கண்ணாடி எங்கடி?

நிஷாந்தி: மொதல்ல டீயக் குடிங்கம்மா. ஆறிப்போகுது.

பூரணி: டீ கெடக்கட்டும். கண்ணாடி எங்க?

நிஷாந்தி: அனுப்பிட்டேன்.

பூரணி: எங்க... ஹட்டன் கடைக்கா?

நிஷாந்தி: ஹட்டன்ல அதத் தொடக்கூட ஆளில்ல. ஆஸ்திரியாவுக்கு. அத செஞ்ச லோர்பாக் கம்பெனிக்கே.

பூரணி: அடியே! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

நிஷாந்தி: கேட்டா வேணாம்பீங்க. நாலு மாசமா அதத்தானே சொல்றீங்க? இந்தக் கந்தப்பளைப் பனிமூட்டத்துல கண்ணாடிக்குள்ள பூஞ்சணம் பூத்துப்போச்சும்மா. போன மாசம் ஒரு வெள்ளக்காரம்மாவுக்கு நீலக்குருவி காட்டுறேன்னு குடுத்தேன். எல்லாம் புகையா இருக்குன்னு திருப்பிக் குடுத்துருச்சு.

பூரணி: அதுக்குன்னு...

நிஷாந்தி: ஹோட்டல்ல சொல்லிட்டாங்க. நல்ல பைனாகுலர் இல்லாத கைடு அடுத்த சீசனுக்கு வேணாமாம்.

பூரணி: வேற ஒன்னு வாங்கேன்.

நிஷாந்தி: அந்த ரகத்துல வாங்க வீட்டத்தான் விக்கணும். தோட்டம் குடுத்த லயத்து வீட்ட யாரு வாங்குவா?

பூரணி: சிரிக்காத. அது யாரு கையில போயிச் சேருமோ.

நிஷாந்தி: ஏம்மா பயப்படுறீங்க? நல்ல ஆளுங்கம்மா. அவங்க கதையக் கேட்டா உங்களுக்கே புடிக்கும். நம்மூரு மாதிரி மலையூரு. பனி வேற. ஒரு புருசனும் பொஞ்சாதியும் மாட்டுக் கொட்டாயில ஒக்காந்து கண்ணாடி தேச்சு ஆரம்பிச்சதாம்.

பூரணி: மாட்டுக் கொட்டாயிலயா?

நிஷாந்தி: ஆமா. மொதல்ல வேட்டைக்காரங்க துப்பாக்கிக்கு. அப்புறம் மலையேறுறவங்களுக்கு. மகன் காலத்துல, மானச் சுடுறவன விட குருவி பாக்குறவன் கூடிட்டான்னு பைனாகுலர்ல எறங்கிட்டாங்க. இப்ப பேத்தி நடத்துது.

பூரணி: பொம்பளையா நடத்துது?

நிஷாந்தி: பொம்பளதான். கறார் பேர்வழி. வருசத்துக்கு இத்தனதான் செய்வேன், ஒன்னு கூடச் செய்ய மாட்டேன்னு. இன்னும் கேளுங்க... வித்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு நம்பரு, ஒரு பக்கம். யாரு வாங்குனது, எப்ப ஒடஞ்சது, எங்க இருக்கு... எல்லாம் எழுதி வச்சிருக்காங்க.

பூரணி: நம்ம தோட்டத்து செக்ரோல் மாதிரி. ஆளுக்கு ஒரு நம்பரு, ஒரு பேரு.

நிஷாந்தி: செக்ரோலேதான்.

பூரணி: அப்ப... நம்ம கண்ணாடியிலயும் நம்பரு இருக்கா?

நிஷாந்தி: அடியில, பொடிசா. அதப் பாத்துட்டுத்தான் நேத்து பதில் போட்டிருக்காங்க. கம்பெனிக்கு எழுவத்தஞ்சு வருசமாம். சரித்திரத்தப் புத்தகமாப் போடுறாங்க. நம்மளுக்கும் அதுல ஒரு பக்கம்!

பூரணி: நம்ம பக்கம் எதுக்கு அதுல?

நிஷாந்தி: தேயிலத் தோட்டத்துல இத்தன வருசம் ஒழைச்ச கண்ணாடியாச்சே. ரிப்பேரும் சும்மாவே செஞ்சு தருவாங்களாம். கைக்கு எப்படி வந்துச்சுன்னு மட்டும் எழுதணும்.

பூரணி: அதான் சொல்லியிருக்கேனே. தொர தோட்டத்த விட்டுப் போறப்ப ஒங்கப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு.

நிஷாந்தி: அப்படித்தான் மொதல்ல எழுதி அனுப்பினேன்.

பூரணி: பொறகென்ன?

நிஷாந்தி: அவங்க பக்கத்துல வேற இருக்கும்மா. தொண்ணூத்தொன்னுல தொர அவங்களுக்குக் கடுதாசி போட்டிருக்காரு. கண்ணாடி களவு போயிருச்சு, எடுத்தது பங்களா சமையக்காரன் நல்லமுத்துன்னு.

பூரணி: பேரு... பேரு போட்டா எழுதியிருக்கு?

நிஷாந்தி: பேரு போட்டுத்தான். டிக்கோயாவுல மக வீட்டுல இருக்காரே, அந்த நல்லமுத்து மாமாதானே?

பூரணி: டீ ஆறிப்போச்சு. சூடு பண்ணிட்டு வாரேன்.

நிஷாந்தி: அம்மா?

பூரணி: ம்.

நிஷாந்தி: எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவரு எடுத்து, அப்பாகிட்ட ஒளிச்சு வைக்கக் குடுத்திருக்காரு. அதான் அவரு வீட்டுப் பக்கமே நீங்க போறதில்ல. சரி விடுங்க, பழைய கத. அப்படியே எழுதிருவோம். சமையக்காரர் எடுத்த கண்ணாடி, குருவி காட்டுற பொம்பளகிட்ட வந்து சேந்துச்சுன்னு போட்டா வாசிக்க நல்லாருக்குமாம்.

பூரணி: வேணாம்.

நிஷாந்தி: எப்பவோ நடந்தது. இனி யாரு வந்து அவரப் புடிக்கப் போறா?

பூரணி: வேணாங்கிறேன்ல!

நிஷாந்தி: ஏம்மா கத்துறீங்க... ஒக்காருங்க.

பூரணி: அவரு எடுக்கல.

நிஷாந்தி: அப்ப அப்பாவா?

பூரணி: ஒங்கப்பாவுக்கு ஒரு எல கிள்ளக்கூடத் தைரியம் கெடையாது. நான்டி.

நிஷாந்தி: நீங்களா!

பூரணி: நீ வயித்துல அஞ்சு மாசம். மலையில தல சுத்தி, ஒரு கல்லுல ஒக்காந்தேன். தொர பங்களா முத்தத்துல நின்னு அந்தக் கண்ணாடியிலதான் பாத்திருக்காரு. கங்காணி வந்து, ஒனக்கு இன்னிக்கு அரைப்பேருங்கிறான். பொழுதன்னைக்கும் கொழுந்தெடுத்துட்டு அரை நாள் சம்பளம். ஒருக்கா இல்ல, மூனு தடவ.

நிஷாந்தி: கேக்கலியா நீங்க?

பூரணி: கேக்கத்தான் பங்களாவுக்குப் போனேன், பின்வாசல் வழியா. தொர உள்ளுக்கு இருந்தாரு. நாக்காலியில இது கெடந்துச்சு. இது இல்லாட்டி எப்படிப் பாப்பாருன்னு தோணுச்சு... தூக்கிக் கூடையில போட்டுட்டேன்.

நிஷாந்தி: வச்சுக்கவா?

பூரணி: ஆத்துல எறியத்தான். எறிய முந்தி ஒருக்கா பாப்போமேன்னு கண்ணுல வச்சேன். அந்தாண்ட மலையில ஒரு குருவி. மூக்குல புழு நெளியுறது கூடத் தெரியுது... எறிய மனசு வரல.

நிஷாந்தி: அப்புறம்?

பூரணி: மறுநா பொலிஸ் வந்துச்சு. அந்திக்குள்ள நல்லமுத்தண்ணனையும் பொஞ்சாதி புள்ளைகளையும் லயத்த விட்டு வெரட்டிட்டாங்க. சட்டி பானையெல்லாம் ரோட்டுல. நா வாசல்ல நின்னு பாத்தேன். வாயத் தொறக்கல.

நிஷாந்தி: அம்மா...

பூரணி: ஜெயிலுக்குப் போனா நீ அங்கதான் பொறப்பேன்னு பயந்தேன். நீ பொறந்த பொறகு வேற ஒரு பயம். பயத்துக்கா கொறச்சல்?

நிஷாந்தி: அதுல பாத்துத்தானே நான் குருவியெல்லாம் படிச்சேன்...

பூரணி: தெரியும்டி. நீ பாக்குறப்பெல்லாம் சந்தோசமாவும் இருக்கும், நல்லமுத்தண்ணன் சட்டி பானையும் கண்ணுல வரும். போனக் கையில எடு. எழுது.

நிஷாந்தி: இதச் சொன்னா ரிப்பேரு செய்யாமலே விட்டுருவாங்களோ என்னமோ. கண்ணாடியே வராமப் போகலாம். அப்புறம் எனக்கு ஹோட்டல் வேல இல்ல.

பூரணி: வேல போனா ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம். எழுது. நல்லமுத்து எடுக்கல. அத மொதல்ல போடு. எடுத்தது பூரணி, கொழுந்தெடுக்கிற பொம்பளன்னு அடுத்தாப்புல போடு.

நிஷாந்தி: ...எழுதிட்டேன்.

பூரணி: அனுப்பு. யோசிக்காத.

நிஷாந்தி: அனுப்பியாச்சு. செருப்பப் போடுங்க, டிக்கோயாவுக்கும் போயிட்டு வந்துருவோம். எடுத்தது யாருன்னு அந்த மனுசனுக்கும் தெரியணும்ல?

பூரணி: மன்னிப்புத்தான்டி கேக்கணும். யாருன்னு சொல்லத் தேவையில்ல. அன்னிக்குப் பின்வாசல்ல, அவரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து, என் கூடைய மூடி அனுப்புனதே அவருதான்.