பனி இறங்கக் கூடாத வட்டம்

விடிகாலை மணி இரண்டு. அவலாஞ்சிக்குப் போகிற சாலை. இந்தப் பக்கம் சோலைக்காடு, அந்தப் பக்கம் பள்ளம். ஒரு லாரி கிடையாது, ஒரு நாய் கிடையாது...

இருங்கள், கதைக்கு முன்னால் கதவை நன்றாகச் சாத்துங்கள். மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ராத்திரி ஒன்பதுதான் ஆகிறது, விடியும்வரை இந்த மஞ்சூர் டீக்கடைதான் நமக்கு ஜெயில். அந்த மூலையில் ஒருவன் ஏன் போனையே அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று கண்டக்டர் டெனின் கேட்டார். அவன் என் நண்பன் வெற்றிச்செல்வன். நான் சொல்லப்போவது அவன் தங்கை சுகுணாவின் புருஷன் மயில்சாமிக்கு நடந்தது. போன ஜனவரியில்.

அப்போது ஒரு பெரியவர் உறைபனி பார்க்க ஹெலிகாப்டரில் வருவதாக ஏற்பாடு. எந்தப் பெரியவர் என்று கேட்காதீர்கள். தும்மினால் நாற்பது பேர் கைக்குட்டை நீட்டுவார்கள், அந்த அளவுக்குப் பெரியவர். காலை ஆறு ஐம்பதுக்கு வந்து 'உறைபனிக் காட்சிமுனை'யைத் திறந்துவைப்பார். பனி பார்க்க வருகிறவர் இறங்குகிற இடத்தில் மட்டும் பனி இருக்கக் கூடாது என்று உத்தரவு. பனிக்கு நகல் அனுப்பினார்களா, தெரியாது.

சாலையோர மேட்டைச் சமன்செய்து, சிமெண்ட் போட்டு, வெள்ளை வட்டம் வரைந்து, நடுவில் 'எச்' எழுதியிருந்தார்கள். மயில்சாமி பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவருக்கு மேலே சிறப்பு அலுவலர் பழனிச்சாமி. சமவெளியிலிருந்து மூன்று ஸ்வெட்டரோடும் ஒரு சுற்றறிக்கையோடும் வந்திருந்தார். தூசி பறக்காமலிருக்க, தளத்தில் முந்தின இரவே தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றது சுற்றறிக்கை.

"ஏனுங்க சார், இங்க ராத்திரி தண்ணி ஊத்துனா கண்ணாடியாயிருமுங்க."

"யோவ், சர்க்குலர் போட்டவரு முட்டாளா?"

"அவரை எனக்குத் தெரியாதுங்க சார். பனியைத் தெரியுமுங்க."

பத்து மணிக்கு இரண்டு லாரித் தண்ணீர் அடித்தார்கள். தூசி பறக்கவில்லை. இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோது தளம் முழுக்க ஒரே ஐஸ் பாளம். அலுவலர் அதில் ஒரு காலை வைத்தார். உட்கார்ந்த நிலையிலேயே நாலு கெஜம் பயணம் செய்தார். எழுந்ததும் சுற்றறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சக்கரம் இதில் பட்டால் சறுக்கும். வட்டத்துக்குப் பத்தடி தள்ளிப் பள்ளம். ஹெலிகாப்டரில் ஆறு பேர். தகவல் சொல்ல சிக்னல் இல்லை.

"விடியறதுக்குள்ள சரிபண்ணு. பர்மனென்ட் ஆர்டர் நான் வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டு அலுவலர் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

மயில்சாமியிடம் டீ பேக்டரி அடுப்புச் சாம்பல் பன்னிரண்டு மூட்டை இருந்தது. சாம்பல் போட்டால் சக்கரத்துக்குப் பிடிமானம். ஓரத்திலிருந்து தூவிக்கொண்டே உள்ளே வந்தார். சர்... சர்... எச்சின் குறுக்குக்கோட்டை எட்டியபோது ஒரு சத்தம்.

கீச்... கீச்...

பஸ் ஜன்னலில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைப்போமே, அந்தச் சத்தம். காலுக்கு அடியில்.

டார்ச் அடித்தார். ஐஸில் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தெளிவு. சுற்றிலும் தூவின சாம்பல் கலையவில்லை. அடியிலிருந்து துடைத்திருக்கிறது. சிமெண்ட் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பு... ஆழம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் மெல்ல ஆவி படிந்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரி. ஈரக் கம்பளி வாடை.

ஓடினார். வட்டத்தின் ஓரம்வரை போனார். கால் வழுக்கியது. சறுக்கிக்கொண்டு நடுவுக்கே வந்தார். திரும்ப ஓடினார். திரும்ப நடு. தட்டையான தரை அது. ரசமட்டம் வைத்துப் பார்த்ததாக மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தரை. அது கிண்ணம் மாதிரி அவரை உள்ளே இழுத்தது.

"ஏனுங்ணா, சாம்பல் போட்ட எடத்துல நடந்திருக்கலாமில்ல?"

அதில்தான் நடந்தார், டெனின்.

தவழ்ந்தார். நகம் பெயர்ந்தது. கத்தினார்... குரல் ஐஸுக்கு அடியிலிருந்து வந்தது.

வெளுத்தது. அலுவலர் பூங்கொத்தோடு வட்டத்தின் ஓரத்தில் நின்றார். "மயில்சாமி எங்கய்யா?" என்று கேட்டார். மயில்சாமி அவர் காலடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தார். அலுவலர் குனிந்து பார்த்து, ஐஸில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

ஹெலிகாப்டர் வந்தது. சக்கரம் நேராக முகத்துக்கு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். பாரமே இல்லை. திறந்தால், முகத்துக்கு ஓர் அங்குலம் மேலே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சக்கரம். சாம்பலில் கெட்டியாக நின்றது. ஒரு விரல்கடைகூட வழுக்கவில்லை. ஆறு பேரும் பத்திரம். பெரியவரின் செருப்பு, அலுவலரின் பூட்ஸ், எல்லாம் தலைக்கு மேலே நடந்தன.

அவர்களுக்கு நடுவில் மயில்சாமியின் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். மயில்சாமியின் முகம். அலுவலர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் ஒருதரம் கீழே பார்த்தான்... துடைத்த இடத்தின்மேல் காலால் சாம்பலைத் தள்ளி மூடினான்.

வெயில் ஏறி ஐஸ் உருகியது. வெறும் சிமெண்ட். எட்டரைக்கு மயில்சாமி வீட்டுக்குப் போய்க் காபி கேட்டார். பர்மனென்ட் ஆர்டரும் வந்தது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை எல்லாம் சுபம்.

அப்படியானால் இதையெல்லாம் யார் சொன்னது? வீட்டுக்கு வந்தவர் சொல்லவில்லை. இந்த வருடம் பனி விழ ஆரம்பித்ததிலிருந்து, விடிகாலையில் சுகுணா வீட்டுச் சமையலறை ஜன்னலில் எழுத்து வருகிறது. விரலால் எழுதினது. கண்ணாடிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. தினம் இரண்டு மூன்று வரி. அவர் கையெழுத்தேதான். வெயில் வந்து அழிப்பதற்குள் அவள் தாளில் எழுதிவைத்து அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டுவாள்.

இன்று விடிகாலை ஐந்து மணிக்கும் கூப்பிட்டாள். குசுகுசுவென்று, ஜன்னலுக்கு முன்னால் நின்றபடியே. "அண்ணா, இன்னைக்கு ஒரே வரிதான். இப்பத்தான் எழுதிட்டிருக்குது. இரு, படிக்கிறேன்..." எழுத்துக் கூட்டிப் படித்தாள். லைன் கட் ஆகவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டதாம். அப்புறம் யாரோ நிதானமாக அடுப்பை அணைத்தார்கள். அதிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை, இவன் அழுத்திக்கொண்டே இருக்கிறான்.

அவள் படித்த வரி இதுதான்:

"திரும்பிப் பாக்காத சுகுணா. அவன் தூங்கல."